அலபாமாவுக்கு மூட்டை கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சி, இங்க ஒரு டவுன்ஹவுஸ் விலைக்கு அங்க நாலு பெட்ரூம் வீடும் தோட்டமும் கிடைக்குதாமே?" கிடைக்கும்தான். நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் நியூ ஜெர்சியை விட்டு அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்தேன். வந்ததில் வருத்தம் இல்லை. ஆனால் வீட்டு விலை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தது பெரிய தவறு. அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் வேலை. இந்த ஊர் ராக்கெட் ஊர். 1960ல் நாசாவின் மார்ஷல் மையம் வந்தது, பக்கத்திலேயே ரெட்ஸ்டோன் ராணுவத் தளம். 2020 கணக்கெடுப்பில் பர்மிங்ஹாமைத் தாண்டி மாநிலத்தின் மிகப் பெரிய நகரமாகிவிட்டது. அப்படியும் மக்கள்தொகை 2 லட்சத்துச் சொச்சம்தான். பொறியாளர் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அதில் பெரும் பங்கு பாதுகாப்புத் துறை சார்ந்தது. 'அமெரிக்கக் குடியுரிமை அவசியம், செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ரகசிய வேலைக்கான அரசு அனுமதி) வேண்டும்' என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. வேலை போனால் நாட்டில் தங்கி அடுத்தது தேட அவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். எடிசனில் இருந்தால் அதே வீட்டில் இருந்துகொண்டே நியூயார்க் வரை தேடலாம். இங்கே அடுத்த வேலை பெரும்பாலும் அட்லாண்டாவிலோ நாஷ்வில்லிலோதான் கிடைக்கும், வாங்கிய வீட்டை அவசரமாக விற்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பதாக இருந்தால் இன்னும் சிக்கல். ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்தது என்று கிளம்பி வந்து, இன்னொருவர் இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சவுத் கரோலினாவின் கிரீன்வில் பக்கம் போனாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே பிஎம்டபிள்யூ கார் ஆலை, மிஷலின் டயர் கம்பெனி. முதல் வேலையைப் பற்றி யோசிக்காதீர்கள், இரண்டாவது வேலை அந்த ஊரில் உண்டா என்று பாருங்கள். அதுவரை வாடகைக்கு இருங்கள். ஒரு வருஷ வாடகை வீண் செலவே இல்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. முகவரியில் பக்கத்து ஊரான 'மேடிசன்' என்று இருந்தால் பிள்ளை மேடிசன் நகரப் பள்ளிக்குப் போகும் என்று நினைத்துவிடுகிறோம். தபால்காரருக்குத்தான் அது மேடிசன். அந்த வீடு ஹன்ட்ஸ்வில் நகரப் பள்ளிகளின் எல்லையில் இருக்கலாம், லைம்ஸ்டோன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பள்ளிகளின் எல்லையிலும் இருக்கலாம். சில இடங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் வேறு. விற்பனைத் தளத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல், வீட்டு எண்ணைச் சொல்லிப் பள்ளி நிர்வாகத்திடமே கேட்டுவிடுங்கள்.

வரி. நியூ ஜெர்சியில் வீட்டு வரி கட்டியவருக்கு இங்கே வரும் பில் அச்சுப் பிழை போலத் தெரியும். அவ்வளவு குறைவு. ஆனால் அது தானாகக் குறையாது. நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் விலையில் 10 சதவீதத்தைக் கணக்கில் எடுத்து அதற்கு வரி. இல்லையென்றால் 20 சதவீதம். சொந்தமாகக் குடியிருப்பவருக்கான இந்த 'ஹோம்ஸ்டெட்' சலுகைக்குப் பத்திரத்தோடு வீட்டு வரியைக் கணிக்கும் டாக்ஸ் அசெஸர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போகவில்லை. முதல் வருஷம் இரண்டு மடங்குக்கும் மேல் கட்டினேன், யாரையும் குறை சொல்ல முடியாது. கடையிலோ விற்பனை வரி மொத்தம் 9 சதவீதம். அரிசி பருப்புக்கும் வரி உண்டு. மளிகைக்கு மட்டும் மாநிலத்தின் பங்கை 2023லும் 2025லும் குறைத்து 4லிருந்து 2 சதவீதமாக்கினார்கள், நகரத்தின் பங்கு தனி.

தூரம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆளுக்கொரு கார் இல்லாமல் ஓட்ட முடியாது. ரயில் கிடையாது. விமான நிலையத்தின் பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கிறது, ஆனால் சென்னைக்குப் போக முதலில் அட்லாண்டா மாதிரி ஒரு பெரிய நிலையத்துக்குப் பறந்தாக வேண்டும். நாஷ்வில் பிள்ளையார் கோயிலுக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கினால் இதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். நடந்து போய்ப் பேச ஆள் இல்லாமல் ஜன்னல் ஓரமே கதியாகிவிடும் அவர்களுக்கு.

சூறாவளியை (டொர்னாடோவைத்தான் சொல்கிறேன்) 'அது கான்சஸ் பக்கம்' என்று ஒதுக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 2011 ஏப்ரல் 27ல் ஒரே நாளில் அலபாமாவில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கம்பிகள் சாய்ந்து, நாள் கணக்கில் ஊரே இருட்டில் கிடந்தது. பெட்ரோல் பங்க் ஓடவில்லை, கார்டு செல்லாது, கையில் நோட்டு இருந்தவன்தான் ராஜா என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார். தெற்கில் சூறாவளி ராத்திரியிலும் வரும். தெருச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது, ஏசி ஓடும் அறையில் தூங்குபவருக்குக் கேட்காமலே போகலாம். முப்பது நாற்பது டாலருக்கு, எச்சரிக்கை வந்தால் அலறும் ஒரு வெதர் ரேடியோ வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். 'வாட்ச்' என்றால் வர வாய்ப்பு, 'வார்னிங்' என்றால் உடனே உள்ளே ஓடு. பல வீடுகளில் பேஸ்மென்ட் என்ற நிலத்தடி அறை கிடையாது. எங்கள் வீட்டில் ஒளிந்துகொள்ள ஜன்னல் இல்லாத இடம் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி. பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், டார்ச், செருப்பு எல்லாம் அங்கேயேதான் இருக்கும். முதல் தடவை நான்கு பேரும் ஹெல்மெட்டோடு அதற்குள் குந்தியிருந்தபோது சின்னவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம், "எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" குடிவந்த முதல் வாரமே கேட்பார்கள். மதம் மாற்ற வந்துவிட்டார்கள் என்று முறைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் 'சொந்த ஊர் எது' என்று கேட்பதைப் போலத்தான் பெரும்பாலும். கோயிலுக்குப் போவோம் என்று சொன்னால், "அங்கே சாப்பாடு நல்லா இருக்குமாமே" என்று பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். இதே ஆட்கள்தான் காற்றில் மரம் விழுந்த மறுநாள் காலை, நான் இன்சூரன்ஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ரம்பத்தோடு வந்து நின்றார்கள். எடிசனில் எட்டு வருஷம் சுவர் ஒட்டி இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

ஊரைப் பார்க்க அக்டோபரில் வராதீர்கள். அப்போது இலையெல்லாம் சிவந்து, வெயில் இதமாக இருக்கும். யார் வந்தாலும் வீடு வாங்கிவிடுவார்கள். ஆகஸ்ட்டில் வாருங்கள், மதுரைச் சித்திரையும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்த மாதிரி. அல்லது மார்ச் கடைசியில், பைன் மகரந்தம் காரின் மேல் மஞ்சள் பொடியாகப் படிந்திருக்கும்போது வந்து, மூக்கு தாங்குகிறதா என்று பாருங்கள். நண்பனுக்கும் அதையே சொன்னேன். அக்டோபருக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டுவிட்டானாம்.