ரேடார் படத்தில் தெரியும் மாற்றமெல்லாம் நிலத்தின் மாற்றமல்ல

மேகம் மூடியிருந்தாலும் நள்ளிரவானாலும் ரேடார் செயற்கைக்கோள் நிலத்தைப் பார்க்கும். ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசமாகவே கிடைப்பதால், இரண்டு தேதிப் படங்களை இறக்கி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மாற்றத்தை வரைந்துவிடப் பலர் முனைகிறார்கள். மாற்றம் என்னவோ தெரியும். அது நிலத்தில் நடந்ததா, பார்க்கும் கோணத்தால் வந்ததா, காற்றின் ஈரத்தால் வந்ததா என்று பிரிக்காவிட்டால் அந்த வரைபடத்தை நம்ப முடியாது.

முதலில் கோணம். ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும். சென்டினல்-1 படத்தின் ஒரு ஓரத்தில் செங்குத்துக்கோட்டிலிருந்து கோணம் 29 பாகை என்றால் மறு ஓரத்தில் 46 பாகை. செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே மாலையிலும், வடக்கிலிருந்து தெற்கே காலையிலும் கடக்கும். காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் ஒப்பிட்டால் மலைச்சரிவும் வீட்டுச் சுவரும் மாறியதுபோலவே தோன்றும். இறக்கும்போதே கடக்கும் திசையும் தட எண்ணும் (செயற்கைக்கோள் சென்ற பாதையின் எண்) இரண்டு படத்திலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே தடத்துக்கு அதே செயற்கைக்கோள் 12 நாளுக்கொரு முறை திரும்பி வரும்.

அடுத்தது படத்தைத் தயார் செய்வது. ரேடார் படங்களைச் செயலாக்கும் ஸ்னாப் மென்பொருளில் சுற்றுப்பாதைக் கோப்பு, வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம் (படத்தின் எண்களைத் திரும்பிவந்த அலையின் உண்மை வலிமையாக்குவது), ஸ்பெக்கிள் என்னும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை வடிகட்டுவது, நிலத்தோற்றத் திருத்தம் (மேடுபள்ளத்தால் வரும் விலகலைச் சரிசெய்வது) என்ற வரிசையில் போவது வழக்கம். அளவுத்திருத்தத்தை விட்டுவிட்டால் இரண்டு தேதி எண்களை ஒப்பிடவே முடியாது. சராசரி எடுப்பதில் இன்னொரு பிழை அடிக்கடி நேர்கிறது. திரும்பிவரும் அலையின் வலிமையை டெசிபல் என்னும் மடக்கை அளவில் சொல்வார்கள்; -10, -20 டெசிபல் உள்ள இரண்டு பிக்சல்களின் சராசரி -15 அல்ல. 0.1, 0.01 என்று நேரியல் எண்ணாக்கிச் சராசரி எடுத்தால் 0.055, அதாவது சுமார் -12.6 டெசிபல். டெசிபலாக மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

வெள்ள வரைபடத்தில்தான் தவறுகள் அதிகம். அமைதியான நீர் ரேடார் அலையைச் செயற்கைக்கோளுக்குத் திருப்பாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். அதற்காகக் கறுப்பெல்லாம் வெள்ளமல்ல. காவிரி டெல்டாவில் சம்பா நடவுக்காக நீர் கட்டிய வயலும் கறுப்புத்தான். முந்தைய படத்துக்கும் வெள்ளப் படத்துக்கும் இடையில் நடவு நடந்திருந்தால் ஊரே மூழ்கியதுபோல வரைபடம் காட்டும். பருவம் முழுவதற்குமான படங்களை வரிசையாக வைத்து, அந்த வயல் எப்போது கறுத்தது, பயிர் வளர வளர எப்படி வெளுத்தது என்று பார்த்த பிறகே வெள்ளம் என்று குறியுங்கள். எதிர்மாறாகவும் நடக்கும்: தெருவில் தேங்கிய நீரிலும் வீட்டுச் சுவரிலும் அலை இருமுறை பட்டுத் திரும்புவதால், மூழ்கிய குடியிருப்பு முன்பைவிடப் பளிச்சென்று தெரியலாம். கறுப்பை மட்டும் தேடினால் உதவி தேவைப்படும் தெருக்களே விடுபட்டுப்போகும். பலத்த காற்றில் ஏரி நீர் அலையடித்தாலும் வெளுத்துவிடும். அப்போது விவி (செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பிச் செங்குத்தாகவே பெற்ற) படத்தோடு விஎச் (செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாகப் பெற்ற) படத்தையும் பார்க்க வேண்டும்.

நிலம் தாழ்வதை அளப்பது இன்னும் நுட்பமானது. சென்டினல்-1 அலைநீளம் சுமார் 5.55 செ.மீ.; இரண்டு தேதிப் படங்களை இணைத்து அலைநிலை வேறுபாட்டை நிறமாக வரைந்தால் வரும் ஒரு நிறவளையம், செயற்கைக்கோள் நிலத்தைப் பார்க்கும் பார்வைக்கோட்டில் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். மெக்சிகோ சிட்டியில் வேகமாகத் தாழும் இடங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 செ.மீ. இறங்குகின்றன. 12 நாளில் அது 1.6 செ.மீ.; சாய்ந்த கோணத்தில் 1.3 செ.மீ. அளவே தெரியும். காற்றிலுள்ள ஈரப்பதம் மட்டுமே அந்த அளவுக்குப் பொய் வளையம் போட்டுவிடும் என்பதால் ஒரே ஒரு பட இணையை நம்பக்கூடாது. ஓராண்டு இடைவெளி விட்டாலும் பலனில்லை: 14 வளையங்கள் நெருங்கி நிற்கும், பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே 1.4 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் வளையங்களை எண்ணும் மென்பொருள் தடம் புரளும். குறுகிய இடைவெளி இணைகள் பலவற்றை உருவாக்கிக் காலத்தொடராகக் கோப்பதே வழி.

நெல் வயலில் 12 நாளிலேயே ஒத்திசைவு (இரண்டு படங்களின் அலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான 0 முதல் 1 வரையிலான அளவு) போய்விடும்; ஒத்திசைவு 0.3க்குக் கீழே உள்ள இடத்து நிறங்களை மறைத்துவிடுவது நல்லது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் 24 செ.மீ. அலை பயிர்நிலத்தில் இதைவிட நன்றாகத் தாங்கும். எந்தச் செயற்கைக்கோளானாலும் அளவீடுகள் நகராதது என்று கொள்ளும் ஒரு ஆதாரப் புள்ளியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. மெக்சிகோ சிட்டியில் அதைப் பழைய ஏரிக்களிமண்ணின் மேல் வைத்தால், சுற்றியுள்ள உறுதியான எரிமலைப் பாறைகள் மேலே எழுவதுபோல வரைபடம் வரும். பாறையின் மேல் வையுங்கள். நிலையான ஜிபிஎஸ் நிலையம் அருகில் இருந்தால் அதன் அளவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.