இரட்டை ஃபின் போர்ட் வழுக்குகிறதா? முதலில் காலைப் பாருங்கள்

வன்னியில் இரட்டை ஃபின் போர்ட், அதாவது அடியில் மீன்செதில் போல இரண்டு ஃபின் உள்ள அலைச்சறுக்குப் பலகை, வைத்திருக்கும் தம்பிமார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணை, திருப்பேக்க பின்பக்கம் வழுக்குது, பெரிய ஃபின் வாங்கோணுமோ?” வேண்டாம். காசைச் செலவழிக்க முன்னம் பின்னங்கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மூன்று ஃபின் உள்ள திரஸ்டர் போர்டில் பழகியவர்கள் பின்னங்காலை போர்டின் பின்முனைக்கே, அதாவது வாலின் நுனிக்கே, கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே அது சரி. திரஸ்டரின் நடு ஃபின் வாலிலிருந்து ஏறத்தாழ 3 அங்குலத்திலும் பக்க ஃபின்கள் 11 அங்குலத்திலும் இருக்கும். காலை அழுத்தினால் நடு ஃபின் தண்ணீரைப் பிடிக்கும். இரட்டை ஃபின்னில் அந்த நடு ஃபின் இல்லை. வாலில் நின்றால் காலுக்குக் கீழே பிடிக்க ஒன்றுமே இருக்காது. எல்லோரும் பின்னணியத்தில் குந்திய படகு மாதிரி மூக்கு எழும்பும், வேகம் செத்துவிடும், திருப்பும்போது வால் விலகி ஓடும்.

போர்டில் பிழை இல்லை. ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றது இரட்டை ஃபின்னில்தான். அதே வழுக்கல் தனக்குச் சரிவராததால்தான் இன்னொரு ஆஸ்திரேலிய வீரரான சைமன் ஆண்டர்சன் 1980இல் திரஸ்டரைச் செய்தார். இரண்டுக்கும் நிற்கும் முறை வேறு, அவ்வளவுதான்.

சரி, எங்கே நிற்பது? போர்டைக் கவிழ்த்து, ஃபின்களின் முன்முனையும் பின்முனையும் வரும் இடங்களைப் பென்சிலால் விளிம்பில் குறியுங்கள். நிமிர்த்தி, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையில் கால் பிடிப்புக்கான மெழுகைத் தடிப்பாகப் பூசுங்கள். பின்னங்கால் அதற்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே நிற்க வேண்டும். பின்னங்கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் ஒட்டும் கால் ஒட்டுப் பட்டையைத் திரஸ்டரில் ஒட்டுவது போல வாலோரம் ஒட்டுவதும் இதே பிழைதான். பட்டையின் பின்மேட்டைத் தேடித் தேடியே கால் பின்னுக்குப் போய்விடும்.

அறுகம்குடாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே அலை, அதில் ஓடுகிறவருக்கு வலப்பக்கமாக உடைந்துகொண்டு போகும். வலதுகால் முன்வைத்து நிற்பவர் அலைக்கு முதுகைக் காட்டித்தான் ஓட வேண்டும். அப்போது குதிக்காலால் ஓங்கி உதைத்தால் இரட்டை ஃபின் கையை விட்டுவிடும். முழங்காலை மடித்து, உடம்போடு சாய்ந்து, முதலில் விளிம்பைத் தண்ணீரில் பதியுங்கள், அப்புறம் அழுத்துங்கள். பின்னங்காலின் குதி நடுக்கோட்டைத் தாண்டி விளிம்புப் பக்கம் இருக்கட்டும். இதையெல்லாம் முல்லைத்தீவுக் கரையில் வாடைக் காலத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். குழம்பிய கடலில் எது காலின் பிழை, எது அலையின் பிழை என்றே தெரியாது. ஆபத்தும் கூட.

கால் சரியாகியும் வழுக்கினால் மட்டும் ஃபின்னுக்கு வாருங்கள். ஃபின் முன்னுக்கு இருந்தால் போர்ட் இலகுவாகத் திரும்பும், பின்னுக்கு இருந்தால் பிடிப்பும் நேரோட்டமும் கூடும். உங்கள் போர்டின் ஃபின் பெட்டி (ஃபின்னைச் செருகும் குழி) ஃபின்னை முன்பின் நகர்த்த விடாத வகை என்றால் ஃபின்னின் வடிவத்தைத்தான் மாற்ற முடியும். நிமிர்ந்த ஃபின் சட்டென்று திரும்பும். பின்னோக்கிச் சாய்ந்ததும் அடி நீண்டதும் பிடித்து ஓடும். திரஸ்டரின் பக்க ஃபின்களைக் கழற்றி இதில் போடுவது பலர் செய்யும் பிழை. மூன்றாக வேலை செய்யச் செய்த அவை இரண்டாக நிற்கச் சிறியவை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருந்தால் குட்டி ஃபின் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், வழுக்கல் நன்றாகக் குறையும்.

இடதையும் வலதையும் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் தட்டையான ஃபின் என்றால் தட்டைப் பக்கம் உள்ளே, வளைந்த பக்கம் வெளியே. பெட்டிக்குள் மணல் கிடந்தால் ஃபின் முழுதாக இறங்காது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் திருகாணியை இறுக்குங்கள், ஆனால் பெட்டியைச் சுற்றியுள்ள பிசின் வெடிக்கும் அளவுக்கு வேண்டாம்.