டார்ச் வாங்கும்போது லூமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

கையடக்க டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்தனை லூமன், அதாவது டார்ச் தரும் மொத்த வெளிச்சம் எவ்வளவு? ஆனால் ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறவர், மழையில் கரண்ட் போன வீட்டில் ஃபியூஸ் பார்க்கிறவர், மலையேற்றத்தில் இருட்டுவதற்குள் முகாமுக்கு வந்து சேர முடியாமல் போனவர், இவர்களில் யாரும் டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. நூறு, இருநூறு, அதிகம் போனால் முந்நூறு லூமன், அதாவது நடு மோடு, அதுதான் உண்மையில் உழைக்கிறது. அந்த நடு மோடு எத்தனை மணி நேரம் மங்காமல் நிற்கும், வெளிச்சம் எங்கே விழும், செல் தீர்ந்தால் அடுத்து என்ன செய்வது என்று பார்த்து வாங்குங்கள். உச்ச லூமனைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அட்டையில் போட்டிருக்கும் லூமன் உண்மையா என்று கடையில் நின்றபடியே மனக்கணக்குப் போட்டுவிடலாம். இப்போது கையடக்க டார்ச்சுகளில் அதிகம் வருவது 18650 என்கிற லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். நல்ல செல்லாக இருந்தால் 3500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் 12.6 வாட் மணி. இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 லூமனில் பன்னிரண்டு மணி நேரம், 1000 லூமனில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான் அந்தச் செல்லுக்குள் இருக்கிறது. ஒற்றை செல் டார்ச்சில் ‘5000 லூமன், 10 மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் அதற்கு இந்தச் செல்லைப் போல நாற்பது செல் வேண்டும். அந்த அட்டையில் இருக்கும் மற்ற எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை, அடுத்ததைப் பாருங்கள்.

நேர்மையான கம்பெனிகளின் அட்டையையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இதில்தான் விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். டார்ச்சுகளை அளக்க அமெரிக்காவில் 2009-இல் எஃப்எல்1 என்று ஒரு தர அளவுகோல் வந்தது, நல்ல கம்பெனிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி லூமனை அளப்பது டார்ச்சைப் போட்ட 30 வினாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்பதோ வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதத்துக்கு இறங்கும்வரை ஓடும் மொத்த நேரம். ஆக ‘1000 லூமன், 3 மணி நேரம்’ என்றால் மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமன் வரும் என்று பொருளில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஆயிரம் இருந்துவிட்டு, சூடேறியதும் 350-க்கு இறங்கி, மிச்ச நேரம் அதில் ஓடினாலும் அட்டை சரிதான். கட்டைவிரல் கனத்தில் இருக்கும் அலுமினியக் குழாய் பத்து வாட் சூட்டைக் காற்றில் விட முடியாது, கையைச் சுடாமல் இருக்க டார்ச்சே தன்னைக் குறைத்துக்கொண்டாக வேண்டும், அதிலும் நம் ஊர் மே மாத இரவில் இன்னும் சீக்கிரம் குறையும். எனவே எரியும் நேரத்தை வரைபடமாக வெளியிடுகிற கம்பெனியா என்று பாருங்கள். கோடு சட்டென்று இறங்கி, பிறகு நேராக நெடுநேரம் போனால் அந்த நேரான பகுதிதான் உங்கள் டார்ச். கோடு தொடக்கத்திலிருந்தே சரிந்துகொண்டே போனால் வெளிச்சத்தை நிலையாக வைத்திருக்கும் டிரைவர் என்கிற சர்க்யூட் உள்ளே இல்லை, செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும்.

தூரக் கணக்கும் அப்படியே. 200 மீட்டர் பாயும் என்றால், 200 மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், மாடா மனிதனா என்று சொல்ல முடியாது. அதில் பாதி தூரம், முடிந்தால் மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நம் கண்ணுக்கு வெளிச்சம் இரு மடங்காகத் தெரிய வேண்டுமானால் லூமன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும், ஆகவே 800 லூமனுக்குப் பதில் 1000 லூமன் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அடுத்து வருவதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன்: ஜூம் டார்ச். முகப்பை முன்னே இழுத்தால் வெளிச்சம் குவிந்து தூரத்துச் சுவரில் சதுரமாக விழும், கடைக்காரர் அதைத்தான் செய்து காட்டுவார், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் குவித்தால் அந்தச் சதுரத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. வரப்பில் நடக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது காலடியும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டரும்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர் இறந்தார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது, பெரும்பகுதி கிராமங்களில். கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும், கண்ணாடி விரியன் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். இவற்றை மிதிக்காமல் இருக்க நடுவில் ஓரளவு குவிந்த வெளிச்சமும், அதைச் சுற்றி அகலமாகப் பரவிய மெல்லிய வெளிச்சமும் சேர்ந்து வேண்டும். சாதாரண குவியாடியோ சின்ன பிளாஸ்டிக் லென்சோ வைத்த, நீட்டிச் சுருக்க முடியாத முகப்புள்ள டார்ச் இரண்டையும் ஒரே நேரத்தில் தந்துவிடும். ஜூம் டார்ச்சில் இன்னொரு கோளாறும் உண்டு. முகப்பை முன்னும் பின்னும் இழுக்கும்போது காற்று உள்ளே போய் வரும், மழையில் இழுத்தால் அந்தக் காற்றோடு தண்ணீரும் போகும்.

வெளிச்சத்தின் நிறத்தை இங்கே பலர் பார்ப்பதே இல்லை. வெள்ளையாக, லேசாக நீலம் தட்டினால் பவர் அதிகம் என்று நினைக்கிறார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்கிற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். 6500 கெல்வின் எல்இடியில் அதே செல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் லூமன் வரும், அது உண்மை, ஆனால் அதில் பழுப்பும் சிவப்பும் செத்துப்போகும். காய்ந்த இலை மேல் பழுப்புப் பாம்பு, சேற்றில் ரத்தம், சுவிட்ச் பெட்டிக்குள் சிவப்பு ஒயரும் பிரவுன் ஒயரும், இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேளையில் 4000 முதல் 5000 கெல்வின் வரையுள்ள, நிறம் காட்டும் திறன் 90-க்கு மேல் உள்ள எல்இடி தருகிற தெளிவு வேறு. அட்டையில் இதை சிஆர்ஐ என்று போட்டிருப்பார்கள், போடாவிட்டால் பெரும்பாலும் 70 என்று வைத்துக்கொள்ளலாம். சிஆர்ஐ அதிகமுள்ள நிச்சியா 519ஏ எல்இடி வைத்த டார்ச் ஒன்றையும் சாதாரண வெள்ளை டார்ச் ஒன்றையும் தோட்டத்துச் செடிகள் மேல் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி செல். நம் கடைகளில் கிடைக்கும் மலிவான சார்ஜ் டார்ச்சுகளில் பலவற்றுக்குள் இருப்பது சின்ன லெட் ஆசிட் பேட்டரி, சுவரில் நேரே செருகும் பின் வைத்திருப்பார்கள். சார்ஜ் தீர்ந்த நிலையில் சில வாரம் கிடந்தால் லெட் ஆசிட் பேட்டரி கெட்டுப்போகும், அதைத் திறந்து மாற்றவும் எளிதில் வழியிருக்காது. எப்போதாவது எடுக்கிற டார்ச்சுக்கு இதைவிடப் பொருந்தாத பேட்டரி இல்லை. பென்சில் செல் போடும் டார்ச் எனக்குப் பிடிக்கும், எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும். ஆனால் சாதாரண அல்கலைன் செல்லை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், எனவே எனெலூப் மாதிரியான ரீசார்ஜ் செல் போடுங்கள். 14500 என்று பென்சில் செல் அளவிலேயே ஒரு லித்தியம் அயான் செல் இருக்கிறது, முழு சார்ஜில் 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் புகைந்துவிடும். இரண்டையும் ஏற்கிற டார்ச்சுகள் உண்டு, சோஃபிர்ன் எஸ்பி10 புரோ அப்படிப்பட்ட ஒன்று. அந்த வசதியை அட்டையில் தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் நம்புங்கள்.

18650 வாங்கும்போது ‘9900 மில்லி ஆம்பியர் மணி’ என்று அச்சடித்ததைப் பார்த்தால் அது போலி, இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம், அந்த அளவுச் செல்லில் உண்மையாகக் கிடைப்பது பொதுவாக 3500, 3600, மிஞ்சிப்போனால் 4000 வரைதான். எடை பார்ப்பதும் நல்ல சோதனை: நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், முப்பது சொச்சம் கிராம் என்றால் உள்ளே பாதி காலி. சென்னை ரிச்சி தெரு மாதிரி மின்னணுப் பொருள் விற்கும் கடைத்தெருக்களில் நல்ல செல்லும் கிடைக்கும், பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து பிரித்ததும் கிடைக்கும், எது எது என்று கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் நாலைந்து மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், சில டார்ச்சுகளில் நுழையாது, அதையும் அளந்துகொள்ளுங்கள். செல்லைக் கழற்றவே முடியாத டார்ச்சை வீட்டு உபயோகத்துக்கு வேண்டுமானால் வாங்கலாம், ஆனால் நாள்கணக்கில் கரண்ட் போனால் அது மட்டும் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில் முன்பே சார்ஜ் ஏற்றி வைத்த இரண்டு செல்லை மாற்றிப் போட முடிவது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். போன் வெளிச்சம் இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில், அந்த நேரத்தில் போனின் சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழிக்கக் கூடாது.

டைப்-சி சார்ஜிங் இருந்தால் நல்லதுதான், ஆனால் மலிவான சில டார்ச்சுகள் இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது, ஒரு முனை பழைய யுஎஸ்பியாக இருந்தால்தான் ஏறும். வாங்கியதும் உங்கள் சார்ஜரில் போட்டுப் பாருங்கள், ஏறாவிட்டால் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

சுவிட்ச் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அழுத்த அழுத்த அதிகம், குறைவு, மினுக்கல், எஸ்ஓஎஸ் என்று வரிசையாக மாறும் டார்ச்சை வாங்கவே வாங்காதீர்கள். ஏணி மேல் நின்று ஒரு கையில் ஸ்குரூடிரைவர் பிடித்திருக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கப் போய் மினுக்கல் வந்தால் கண் கூசித் தடுமாறிவிடும். மினுக்கல் தனியாக, மூன்று முறை அழுத்தினால்தான் வரும் மாதிரி ஒளிந்திருக்கட்டும். கடைசியாக வைத்த மோடிலேயே மறுபடி எரியட்டும். ஒரு லூமனுக்கும் குறைவான ஒரு மோடு கட்டாயம் வேண்டும், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் மாத்திரை தேடவும், இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காமல் வரைபடம் பார்க்கவும் அது போதும், அதில் டார்ச் நாட்கணக்கில் எரியும். பக்கவாட்டில் மின்னணு சுவிட்ச் உள்ளவை பைக்குள் தானாக அழுந்தி எரிந்து துணியைப் பொசுக்கிவிடக் கூடும், அணைத்திருக்கும்போதும் செல்லைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். பின்மூடியைக் கால் சுற்று திருகித் தளர்த்தினால் மின்தொடர்பு அறுந்துவிடுகிற டார்ச்சாகப் பார்த்து வாங்கினால் இரண்டு தொல்லையும் போகும். வாங்கும் முன் திருகிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் என்கிற எண்ணால் சொல்வார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரல் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு ஆழம் என்று கம்பெனி சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வயலுக்குப் போகிறவர் ஏழுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

எப்படி எடுத்துப் போவீர்கள் என்பதையும் யோசியுங்கள், ஏனென்றால் இணையத்தில் வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் ஜீன்ஸ் பாக்கெட்டை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. வேட்டி, லுங்கி கட்டுகிறவருக்குப் பாக்கெட் கிளிப்பால் உபயோகம் இல்லை, கயிறு கோக்க ஒரு துளையும், இடுப்பு பெல்ட்டின் பைக்குள் அடங்கும் அளவும்தான் வேண்டும். தினமும் சட்டைப்பையில் வைக்கப் பென்சில் செல் அளவு சரி. அதைவிடப் பெரிதாக வாங்கினால் இரண்டு வாரத்தில் வீட்டு அலமாரிக்குப் போய்விடும், தேவைப்படும்போது கையில் இருக்காது. இரண்டு கையும் வேலையில் இருக்குமென்றால், கன்னியாகுமரிப் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மாதிரி, தலையில் மாட்டும் விளக்குதான் சரி. கைடார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். ஒரே டார்ச்சில் இரண்டும் வேண்டுமானால் முகப்பு செங்கோணத்தில் திரும்பியிருக்கும் வகை உண்டு, தலைப்பட்டையில் செருகலாம், கையிலும் பிடிக்கலாம்.

வாங்கிய பிறகு நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். உபரி 18650 செல்லைச் சாவிக்கொத்து, சில்லறையோடு ஒரே பையில் போடாதீர்கள், இரு முனையும் உலோகத்தில் பட்டால் சில நொடியில் கொதித்துவிடும். செல்லுக்கென்று பிளாஸ்டிக் டப்பா மலிவாகக் கிடைக்கிறது, அதில் போடுங்கள். விமானத்தில் போகும்போதும் உபரி லித்தியம் செல்கள் கையில் கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும், சரக்காகப் போகும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.