ரேஸ் போட்டோல கார் நிக்கிற மாதிரியே தெரியுதா? நான் மாத்தினது இதான்

ஷட்டர் ஸ்பீட் 1/2000 செகண்ட்ல எடுத்தா கார் செம ஷார்ப்பா வரும், ஆனா வீலும் அப்படியே உறைஞ்சு பார்க்கிங்ல நிக்கிற மாதிரி இருக்கும், வேகமே தெரியாது. அதனால 1/125-க்கு இறங்கி பேனிங் (கார் போற வேகத்துக்கு கேமராவையும் கூடவே திருப்பி எடுக்கிறது) பழகினேன், கை செட் ஆனதும் 1/30. நல்ல வெயில்ல இவ்ளோ ஸ்லோவா போனா அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் நுழையற துளை) ரொம்ப சின்னதாகி எஃப்/22-க்கு ஓடிடும், படம் சாஃப்ட் ஆகும், சென்சார் தூசி புள்ளி புள்ளியா தெரியும், வெளிச்சத்த குறைக்கிற 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் லென்ஸ் முன்னாடி போட்டதும் எஃப்/8-க்கு வந்துடுச்சு. கை ஆட்டத்த சரி பண்ற ஸ்டெபிலைசேஷன பேனிங் மோடுல வைங்க. இடுப்புல இருந்து திரும்புங்க, க்ளிக் பண்ணப்புறமும் நிறுத்தாதீங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது, கார் நேரா நம்மள நோக்கி வரும்போது ஷட்டர் மூடுறதுக்குள்ள ஜூம் ரிங்க திருப்புறது: நடுவுல ஹெல்மெட் மட்டும் ஓரளவு தெளிவா நிக்கும், மத்ததெல்லாம் கோடு கோடா பாயும், நிறைய ஃப்ரேம் வீணாகும்தான், ஆனா சரியா விழுற ஒண்ணு போதும்ங்க.