கேபிளை நிறுத்திய பிறகு: ஆன்டெனா வாங்குவதும் பொருத்துவதும்

புது நாட்டில் வந்து இறங்கிய முதல் மாதம் இணையம், கேபிள், போன் எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்துவிடுகிறோம். அப்போது யோசிக்க நேரமிருக்காது. சில மாதங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தால், தமிழ்ச் சேனல்கள் இணையம் வழியாக வந்துகொண்டிருக்கும். கேபிளில் பார்ப்பது உள்ளூர்ச் செய்தியும் வானிலையும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் எப்போதாவது ஒரு விளையாட்டுப் போட்டியும்தான். பெரும்பாலான நாடுகளில் இவை காற்றில் இலவசமாகவே வருகின்றன. மாதக் கட்டணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. புயலில் இணையம் நின்றுபோனாலும் வீட்டில் கரண்ட் இருந்தால் செய்தி வரும். புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய துணை.

கேபிளை நிறுத்தும்போது இரண்டு விஷயம். கட்டிலிருந்து கேபிளை எடுத்துவிட்டால் இணையத்துக்கு மட்டும் எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள். அப்புறம், அவர்கள் கொடுத்த செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பெட்டி திரும்பி வரவில்லை என்று மூன்று மாதம் கழித்து எனக்குப் பில் வந்தது. ரசீது கையில் இருந்ததால் ஒரே போனில் முடிந்தது.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆன்டெனாவின் பயன் மாறும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நான்கிலும் நகரத்தையொட்டி இருப்பவர்களுக்கு நிறையச் சேனல்கள் கிடைக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தமிழ் நிகழ்ச்சிகள் தரும் வசந்தம் சேனலே ஆன்டெனாவில் வந்துவிடும். பிரிட்டனில் ஒளிபரப்பு இலவசம்தான், ஆனால் நேரலையாக எதைப் பார்த்தாலும் டிவி லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஆன்டெனா என்பதால் விலக்கு இல்லை. ஜெர்மனியில் அரசுச் சேனல்கள் திறந்திருக்கும், தனியார் சேனல்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சுவிட்சர்லாந்தில் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019 ஜூன் மாதமே தரைவழி ஒளிபரப்பை, அதாவது டவரிலிருந்து ஆன்டெனாவுக்கு வருவதை, நிறுத்திவிட்டது. அங்கே இருப்பவர்கள் ஆன்டெனாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது டிவி. ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ கொண்டுவந்த டிவியில் ஆன்டெனா ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று ஆன்டெனாவைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி முறையில் நடக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் டிவிபி முறை. ட்யூனர் என்பது டிவிக்குள் சிக்னலைப் பிடித்துப் படமாக்கும் பகுதி. ஒன்றுக்காகச் செய்த ட்யூனர் மற்றதைப் பிடிக்காது. ஒயர் முனைகூட வேறு: வட அமெரிக்காவில் திருகிப் பொருத்துவது, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அழுத்திச் செருகுவது. டிவி என்று சொல்லி விற்கும் சில மானிட்டர்களில் ட்யூனரே இருக்காது. வாங்கும் முன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ட்யூனர் இல்லையென்றால் தனியாக ஒரு சிறிய ட்யூனர் பெட்டி வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

சரி, இனி ஆன்டெனா. கடையில் போய் நின்றால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தூரம் போட்டிருக்கும். நூறு மைல், இருநூறு மைல் என்றெல்லாம் இருக்கும். நம்பாதீர்கள். டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. எவ்வளவு உயரமான ஒளிபரப்பு டவராக இருந்தாலும் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் நம்பிப் பார்க்கும்படி சிக்னல் கிடைப்பது அரிது. ‘எச்டி ஆன்டெனா’, ‘4கே ஆன்டெனா’ என்று தனியாக எதுவும் கிடையாது. ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அலைவரிசை மட்டும்தான். படத்தின் தெளிவு ஒளிபரப்பிலும் டிவியிலும் இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முகவரிக்கு டவர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ராபிட்இயர்ஸ் என்ற தளம் இருக்கிறது. பிரிட்டனில் ஃப்ரீவியூ தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் சொல்லிவிடும். எல்லா டவரும் ஒரே பக்கம் இருந்தால் நல்ல காலம். டொராண்டோ மாதிரி இடத்தில் உள்ளூர்ச் சேனல்கள் சிஎன் டவரிலிருந்து வரும், அமெரிக்கச் சேனல்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவிலிருந்து வரும். எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூரத்தோடு அலைவரிசையையும் கவனியுங்கள். டிவி ஒளிபரப்பு யுஎச்எஃப், விஎச்எஃப் என்று இரண்டு பகுதிகளில் நடக்கிறது. யுஎச்எஃப் அலை குட்டை, அதைப் பிடிக்க ஒரு சாண் அளவுக் கம்பி போதும். விஎச்எஃப் மேல்பகுதிக்கு ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் வேண்டும். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா விஎச்எஃப்பில் தடுமாறுவது இதனால்தான். பிரிட்டனில் டிவி முழுக்க யுஎச்எஃப் என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆஸ்திரேலியப் பெருநகரங்களில் முக்கியச் சேனல்கள் பல விஎச்எஃப்பில் வருகின்றன. அமெரிக்காவில் திரையில் தெரியும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 7 என்று தெரியும் சேனல் உண்மையில் யுஎச்எஃப்பில் வந்துகொண்டிருக்கலாம். மேலே சொன்ன தளத்தில் அசல் எண் இருக்கும். விஎச்எஃப் தேவைப்பட்டால், இரண்டு பக்கமும் நீளும் கம்பி வைத்த பழைய மாதிரி மேசை ஆன்டெனாவே நல்லது. டவர் 50, 60 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வீட்டுக்குள் வைப்பதை மறந்துவிட்டு, மொட்டை மாடிகளில் பார்த்துப் பழகிய அந்த மீன்முள் மாதிரி யாகி ஆன்டெனாவைப் பாருங்கள். ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பொறியாளர்கள் 1926-ல் வெளியிட்ட வடிவம். இன்றைக்கும் ஒரு திசையிலிருந்து தூரத்துச் சிக்னலைப் பிடிக்க அதுவே கைகொடுக்கிறது.

வைக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் முதலில் தட்டை ஆன்டெனாவை அழகுக்காக டிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். மூன்று சேனல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, ஒயர் போகும் தூரம் வரை ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினேன். “வந்துடுச்சு… ஐயோ, கட்டம் கட்டமா போகுதுடா… அங்கேயே நில்லு!” ஜன்னலின் மேல் மூலையில், திரைச்சீலைக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபோது படம் நின்றது. அங்கேயே ஒட்டி மறுபடி தேடவிட்டேன்: பத்தொன்பது சேனல். ஆன்டெனா அதேதான், ஒயரும் அதேதான்.

அந்தக் காலத்தில் ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, கீழே இருப்பவர் புள்ளி குறைகிறதா என்று பார்த்துச் சொல்வார். டிஜிட்டலில் அந்தப் புள்ளி கிடையாது. படம் முழுதாக வரும், அல்லது கட்டங்களாக உடைந்து நின்றுவிடும். அதனால் டிவி அமைப்புகளில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து, இருப்பதிலேயே பலவீனமான சேனலை வைத்துக்கொண்டு ஆன்டெனாவை நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வினாடி பொறுங்கள், ட்யூனருக்கு அந்த நேரம் தேவை. டவர் பக்கம் இருக்கும் ஜன்னல், முடிந்த அளவு உயரம், உலோகத்திலிருந்து தள்ளி. வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் சுவருக்குள் வைக்கும் அலுமினியத் தாளும் சிக்னலை நன்றாகவே குறைத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பால்கனிதான் வழி.

படம் வரவில்லையென்றால் உடனே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். ஆன்டெனா பிடிக்காத சிக்னலைப் பூஸ்டரால் உண்டாக்க முடியாது. நீளமான ஒயரிலும், ஒரு ஆன்டெனாவை இரண்டு மூன்று டிவிக்குப் பிரிக்கும்போதும் ஏற்படும் இழப்பை அது ஈடுகட்டும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு டிவிக்கும் பாதிகூடக் கிடைக்காது. டவர் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால் ட்யூனர் திணறி, வந்துகொண்டிருந்த சேனலும் போய்விடும்.

கூரையில் பொருத்துவதாக இருந்தால் மின்கம்பியை முதலில் பாருங்கள். ஆன்டெனாவும் கம்பமும் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். கம்பத்துக்கும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயருக்கும் எர்த் கொடுப்பது கட்டாயம். கூரை சரிவாக இருந்தால் நீங்களே ஏறாதீர்கள். பனியிலும் ஈரத்திலும் நம் பழக்கம் உதவாது, ஆள் வைத்துச் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் உங்கள் தனி உபயோகத்தில் இருக்கும் பால்கனியில் ஆன்டெனா வைப்பதை, பாதுகாப்பு போன்ற காரணம் இல்லாமல் தடுக்க, ஒளிபரப்பையும் தொலைத்தொடர்பையும் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியின் விதி இடம் தராது. பொதுக் கூரைக்கும் சுவரில் துளை போடுவதற்கும் அந்த உரிமை பொருந்தாது.

கடைசியில் டிவியில் சேனல் தேடும் பக்கத்துக்குப் போய் ‘கேபிள்’ என்பதை ‘ஆன்டெனா’ என்று மாற்றிவிட்டுத் தேடவிடுங்கள். கேபிளிலிருந்து மாறுபவர்கள் அடிக்கடி தவறவிடுவது இந்த ஒரு பொத்தானைத்தான். பின்னால் ஒருநாள் திடீரென்று ஒரு சேனல் காணாமல் போனால், ஆன்டெனாவைத் தொடும் முன் மறுபடி ஒருமுறை தேடவிடுங்கள். நிலையங்கள் அவ்வப்போது அலைவரிசையை மாற்றிக்கொள்வது உண்டு.