இயேசுவைக் கண்டுபிடித்ததும் வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள்

கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் நடத்துகிறேன். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ பாடத்தில் இருக்கும் ஆண்டெல்லாம், வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே தலைப்பில்தான் இருக்கும்: ஜிம் கேஸியிடம் கிறிஸ்துவின் சாயல். எம்.ஏ. படிக்கும்போது நானும் அதைத்தான் எழுதினேன். அன்று நான் செய்த தவறுகளையே இன்று மாணவர்களின் தாள்களில் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, கதைச்சுருக்கத்தை எழுதிப் பக்கம் நிரப்புவது போன்றவற்றை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்காக: 1939இல் வெளிவந்தது. ஓக்லஹோமாவில் குத்தகை நிலத்திலிருந்து டிராக்டரால் விரட்டப்பட்ட ஜோட் குடும்பம், ஒரு பழைய வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவுக்கு வேலை தேடிப் போகிறது. ஊழியத்தை விட்டுவிட்ட பிரசங்கியார் ஜிம் கேஸியும் அவர்களோடு கிளம்புகிறார்.

பெயரின் முதலெழுத்து

ஜே.சி. ஆமாம், இயேசு கிறிஸ்துவுக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகள்தான். 1956இல் மார்ட்டின் ஷாக்லி எழுதிய கட்டுரையிலேயே இது வந்துவிட்டது. ஒரு வரி போதும்.

ஒற்றுமைகளை எண்ணிவிட்டு, வேற்றுமையைக் கோட்டைவிடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான்.

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் இயேசு, வலப்பக்கம் கேஸி. அவர் வனாந்தரத்துக்குப் போனார், இவரும் தனியே குன்றுகளில் அலைந்து யோசித்தார். அவருக்குப் பன்னிரண்டு சீடர்கள், வண்டியில் ஜோட் குடும்பத்தார் பன்னிரண்டு பேர், கேஸியோடு பதின்மூன்று. அவர் பிறருடைய பாவத்தைச் சுமந்தார். இவர், பரோலில் வந்திருக்கும் ஜோட் குடும்பத்து மகன் டாம் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, போலீஸ்காரரை அடித்த பழி முழுவதையும் தானே ஏற்றுச் சிறைக்குப் போனார். அவர் சாகும்போது சொன்ன வார்த்தையையே இவரும் சொன்னார். அவ்வளவுதான், நிரூபித்தாயிற்று என்று கட்டுரை முடிந்துவிடும்.

என் கட்டுரையும் இப்படித்தான் முடிந்தது. என் பேராசிரியர் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “பீச் பழம் பெட்டிக்கு எவ்வளவு கூலி?” எனக்குப் பதில் தெரியவில்லை. நாவலை இரண்டு முறை வாசித்திருந்தும் தெரியவில்லை. அந்தக் கட்டுரைக்காக ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்திருந்தேன். அத்தனையையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

சரி, அந்தக் கடைசி வார்த்தைக்கே வருவோம். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தை மனப்பாடமாக இருக்கும்: “பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே.” கேஸி சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் செய்வது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை, பிள்ளைகளைப் பட்டினி போடுவதற்குத் துணை போகிறீர்கள் என்கிறார். கையில் பிக்காசுக் காம்போடு வந்து நிற்கிறவன் அவரைச் சிவப்பன், அதாவது கம்யூனிஸ்ட், என்று திட்டுகிறான். தெரியவில்லை என்பதை அவர் இன்னொரு தடவை சொல்கிறார். அடி விழுகிறது.

“பிதாவே” எங்கே? “மன்னியும்” எங்கே? இரண்டுமே இல்லை. வேதத்தின் வசனத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மன்னிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளின் பட்டினியை வைத்திருக்கிறார் ஸ்டைன்பெக். மேலே பார்த்து ஜெபிக்க வேண்டிய வாய், எதிரில் நிற்கிற கூலி ஆட்களைப் பார்த்துப் பேசுகிறது. இந்த நாவல் கிறிஸ்துவைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டு பத்திப் பட்டியலில் இது “ஒற்றுமை” என்று பதிவாகிப் போய்விடுகிறது.

இப்போது கூலிக்கு வாருங்கள். பீச் தோட்டத்தில் பழம் பறிக்க, பெட்டிக்கு ஐந்து சென்ட் என்று கூப்பிட்டு, வந்தபின் இரண்டரை என்றார்கள். அதனால்தான் கேஸியின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களை உடைப்பதற்காகவே உள்ளே இருப்பவர்களுக்கு ஐந்து சென்ட் கொடுக்கப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் யார்? நம்முடைய ஜோட் குடும்பம்தான். கேஸி எந்தக் கூலிக்காகச் சாகிறாரோ, அந்தக் கூலியில் வாங்கிய இறைச்சியைத் தின்றுவிட்டுத்தான் டாம் அவரைப் பார்க்க வருகிறான். கேஸி செத்தபின் கூலி இரண்டரைக்கு இறங்குகிறது. ‘சீடர்கள்’ என்று எண்ணிக்கை காட்டி எழுதியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இன்னொன்று. இந்த ஒற்றுமையை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைக்க வேண்டாம். கேஸி கடைசியாகச் சொன்னதை டாம் வந்து சொல்லும்போது, அம்மா அதை மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். பாட்டி இதைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள். பாட்டிதான் அந்தக் குடும்பத்தில் பக்தி மிகுந்தவள். வழியில் பாலைவனத்தைக் கடக்கும் இரவில் இறந்துபோனவள். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அந்தத் தாய்க்கு உடனே புரிந்துவிடுகிறது. நம் வேலை அவளுக்குப் புரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கேஸியைப் பீடத்தில் ஏற்றுவது

ஊழியக் காலத்தில் கூட்டம் முடிந்ததும் பெண்களைப் புல்வெளிக்கு அழைத்துப் போனதை அவரே வாய்விட்டுச் சொல்கிறார். அதை மறைத்து எழுதாதீர்கள். அவர் சிந்தனை அந்த உறுத்தலில்தான் தொடங்குகிறது. அப்புறம், சிறையில் அவர் கற்ற பாடம் புளித்த அவரையைப் பற்றியது. ஒருவன் கத்தினான், பலனில்லை. எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள், வேறு சாப்பாடு வந்தது. இயேசுவுக்கு மலைப்பிரசங்கம் என்றால் கேஸிக்கு இது.

குடும்பத்தைப் பின்னணி ஆக்கிவிடுவது

கேஸி நாவலில் பல இடங்களில் பேசாமல் கூட இருப்பவர். அடுப்பை மூட்டுவது அம்மா. பண்ணைக் கடையில் சர்க்கரைக்குப் பத்து சென்ட் குறைகிறது. அதுவரை எகத்தாளம் பேசிய கடைக்காரர் தன் பையிலிருந்து அதைப் போடுகிறார். இந்தக் காட்சி இல்லாமல் கிறிஸ்துவின் சாயலைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது

குடும்பத்து மகள் ரோஸ் ஆஃப் ஷாரன், பட்டினியால் சாகக் கிடக்கும் ஒருவருக்குத் தாய்ப்பால் ஊட்டும் கடைசிக் கொட்டகைக் காட்சி 1940இல் வந்த படத்தில் கிடையாது.

வெள்ளம் என்றதும் நோவா, பெட்டி என்றதும் மோசே

நாவலின் கடைசியில் வருவது முதலில் நிஜமான வெள்ளம். 1938 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் விசேலியா பகுதியில் தண்ணீர் சூழ்ந்த கூடாரங்களில் பட்டினி கிடந்த குடும்பங்களை ஸ்டைன்பெக் நேரில் போய்ப் பார்த்தார். நாவலிலும் நோவா என்ற பெயர் கொண்ட மகன் மழைக்கு வெகு முன்பே ஆற்றோரமாகப் பிரிந்து போய்விடுகிறான்.

பெட்டிக்கும் இதே கதிதான். ரோஸ் ஆஃப் ஷாரனின் குழந்தை பிறக்கும்போதே இறந்திருக்கிறது. ஜான் பெரியப்பா அதை ஆப்பிள் பெட்டியில் வைத்து ஓடும் தண்ணீரில் விடுகிறார். உடனே மாணவர்கள் “மோசே” என்று எழுதுகிறார்கள். மோசே பிழைப்பதற்காக நாணலில் விடப்பட்ட பிள்ளை. இந்தப் பிள்ளையை ஜான் புதைக்காமல் விடுவதற்குக் காரணம் வேறு. கீழே ஊருக்குப் போ, தெருவில் கிடந்து அழுகு, அப்படியாவது அவர்களுக்குச் சொல் என்கிறார்.