பழைய கணினிக்குத் தொகுப்பி அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கிழக்கிலங்கையின் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் நெல் லொறிகளை நிறுக்கும் தராசோடு பேசிக்கொண்டிருப்பது ஒரு பென்டியம் 3 கணினி. தராசின் இணைப்பு அட்டை புதிய கணினிகளில் பொருந்தாததால், அதை மாற்றுவதென்றால் தராசையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதன் சீ மொழிச் செய்நிரலைப் பராமரிப்பது என் வேலை. சென்ற வருடம் ரசீதில் ஒரு வரியைத் திருத்தி, எனது மடிக்கணினியில் தொகுப்பியால், அதாவது எழுதிய நிரலைப் புரொசசரின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளால், அந்தப் பழைய கணினியின் 32 பிட் வகைக்குத் தொகுத்து, பென் டிரைவில் கொண்டுபோய் ஓடவிட்டேன். செல்லாத கட்டளை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அது நின்றது. வெளியே ஏழு லொறிகள் காத்து நின்றன.

பிழை என்னுடையதுதான். இன்றைய 64 பிட் கணினிகளுக்கான ஜிசிசி என்ற தொகுப்பியிடம் 32 பிட் வேண்டும் என்று மட்டும் சொன்னால், புரொசசரில் எஸ்எஸ்ஈ2 என்ற கூடுதல் கட்டளைகள் உண்டு என்றே அது எடுத்துக்கொள்ளும். அவை 2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 உடன் வந்தவை. பென்டியம் 3இல் இல்லை. ஆகவே இலக்குப் புரொசசரின் பெயரை எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள். அது மட்டும் போதாது: செய்நிரலோடு இணையும் சீ நூலகமும் (ஆயத்த நிரல்களின் தொகுப்பும்) அதே புரொசசருக்காகத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். டெபியன் 13 என்ற லினக்ஸ் வெளியீட்டின் 32 பிட் பொதிகள் எஸ்எஸ்ஈ2 இருப்பதாகவே கருதுவதால், அங்கிருந்து எடுத்த நூலகம் உங்கள் கவனத்தையெல்லாம் வீணாக்கிவிடும். முடிந்த கோப்பைப் பொறிக்கட்டளைகளாகப் பிரித்துப் பார்த்து, எஸ்எஸ்ஈ2 கட்டளை ஏதேனும் இருக்கிறதா என்று தேடிய பிறகே ஆலைக்குப் புறப்படுங்கள்.

இதைவிடச் சூழ்ச்சியானது தசம எண்களின் கணக்கு. புரொசசரில் தசம எண்களைக் கணிக்கும் பழைய எக்ஸ்87 அலகு தன் பதிவகங்களில் (புரொசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களில்) 80 பிட் துல்லியத்துடன் கணித்து, நினைவகத்தில் வைக்கும்போது 64 பிட்டாகச் சுருக்கும். இதனால் பதிவகத்தில் உள்ள மொத்தமும் சற்று முன் நினைவகத்தில் வைத்த அதே மொத்தமும் சமமல்ல என்று தொகுத்த செய்நிரல் முடிவுசெய்யக்கூடும். தொகுப்பியின் பதிப்பையோ அது நிரலை வேகத்துக்காகச் சீராக்கும் மட்டத்தையோ மாற்றினால் அந்த முடிவும் மாறும். மடிக்கணினியில் ஒருபோதும் தோன்றாத இந்த வழு ஆலையில் எப்போதாவது தலைகாட்டியது. நிறையைக் கிராமிலும் பணத்தைச் சதத்திலும் முழு எண்களாக வைத்தபின் அது மறைந்தது.

அடுத்தது, இன்று சரியாக வேலைசெய்யும் கருவித்தொகுதியை அப்படியே பத்திரப்படுத்துவது. தொகுப்பி, தொகுத்த துண்டுகளை ஒன்றாக்கும் இணைப்பி, சீ நூலகம், இயங்குதளக் கருனியின் தலைப்புக் கோப்புகள் ஆகிய அனைத்தின் மூலநிரலையும், அவற்றைக் கட்டியபோது கொடுத்த தெரிவுகளையும் இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். தொகுத்த கோப்பை மட்டும் வைத்திருந்தால் அதை இனித் திருத்த முடியாது. ஜிசிசி 4.7ஐயும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: சீ தொகுப்பி ஒன்றை மட்டுமே கொண்டு கட்டக்கூடிய கடைசி வரிசை அதுதான். அதிலிருந்து ஜிசிசி 10, அதிலிருந்து இன்றைய பதிப்பு என்று படிப்படியாக ஏறலாம்.

உறைய வைத்தது காப்புறுதி மட்டுமே. புதிய பதிப்புகளிலும் உங்கள் புரொசசருக்கு இடம் இருக்க வேண்டும். ஜிசிசி திட்டத்தில் ஓர் இலக்கு (ஒரு புரொசசர் குடும்பத்துக்கான ஆதரவு) முதலில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்படும். பொறுப்பேற்க எவரும் வராவிட்டால் அடுத்த பெரிய பதிப்பில் நீக்கப்படும். பெரிய பதிப்பு ஆண்டுக்கொன்று என்பதால் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரு வருடம். ஒப்பீட்டின் விளைவைக் காட்டும் நிபந்தனைக் குறிகளைக் கையாளும் பழைய உள்முறையைக் கைவிட ஜிசிசி முடிவெடுத்தபோது, 1979இல் வந்த மோட்டொரோலா 68000 குடும்பத்தை ஆர்வலர்கள் நிதி திரட்டிப் புதிய முறைக்கு மாற்றினார்கள். மாற்ற ஆளில்லாத சிஆர்16 என்ற புரொசசர் குடும்பம் ஜிசிசியிலிருந்து போய்விட்டது. நம்மில் பலருக்குத் தொகுப்பியின் உள்ளே கைவைக்கத் தெரியாது. ஆனால் உண்மையான இயந்திரத்தை வைத்துக்கொண்டு சோதித்துச் சொல்பவர் தொகுப்பி எழுதுபவரைவிட அரிதானவர் என்பது என் கணிப்பு.

சோதனைக்குப் பழைய கணினியிலேயே ஜிசிசியைக் கட்ட வேண்டியதில்லை. வேகமான கணினியில் குறுக்குத் தொகுப்பியாக (வேறு வகைக் கணினிக்குத் தொகுப்பதாக) கட்டி, சோதனைத் தொகுதியைப் பழைய புரொசசரைப் போல நடிக்கும் கியூஎமு போலியாக்கியில் ஓட்டி, அங்கே தேறியதை மட்டும் நிஜ இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். முன்பு சரியாக இருந்த ஒன்று பழுதாகியிருந்தால், நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையிலுள்ள மாற்றங்களை, மூலநிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் இருகூறாக்கும் வசதியால் பாதி பாதியாகக் குறுக்குங்கள். 4,000 மாற்றங்கள் இருந்தாலும் பன்னிரண்டு முயற்சிகளில் குற்றவாளி அகப்படும். எந்த மாற்றம் என்ற விபரம், வழுவைக் காட்டும் பத்து வரிச் செய்நிரல், புரொசசரின் பெயர் ஆகிய மூன்றும் உள்ள முறைப்பாட்டைப் பராமரிப்பாளர்கள் தள்ளிவைப்பது குறைவு. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

காலமும் முக்கியம். ஜிசிசியில் புதிய வசதிகளைச் சேர்ப்பது பொதுவாக நவம்பர் நடுப்பகுதியில் நிற்கும். அதன்பின் வழு திருத்தமே நடக்கும். ஏப்ரல், மே அளவில் பதிப்பு வெளிவரும். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வந்து குவியும்போது ஆலை முதலாளி கணினியைத் தொடவே விடமாட்டார். அதனால் கார்த்திகை, மார்கழி அடைமழையில் தராசு சும்மா கிடக்கும் நாட்களில் நான் சோதனையை முடித்துவிடுகிறேன்.